நடுவரின் தோளில் எந்தக் கொடி?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் நடுவர்களுக்குச் சேட் தைக்கிற கதையும் கூடவே வந்துவிடும். இந்த முறை நான் இருக்கிற ஆசிரியர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். நடுவர்களின் ரீசேட்டில், இடது தோளில், சின்னதாகத் தேசியக் கொடி தைத்தால் என்ன? பார்க்க சர்வதேசத் தரத்தில் இருக்கும் என்றார். பத்து நிமிடத்தில் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "தேசியக் கொடி வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒரு பக்கம். "மருதனார்மடத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களா?" என்று மற்றப் பக்கம். பிறகு வழமைபோல எல்லாரும் மௌனம்.

கோபப்படாமல் பேசக்கூடிய விசயம் இது என்று நான் நினைக்கிறேன். அதற்கு வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் உதவும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "விளையாட்டு உத்தியோகத்தர்" என்று நாங்கள் இரண்டு வகையினரைச் சொல்கிறோம். ஒருவர் அணியோடு போகும் முகாமையாளர், பயிற்றுநர். அவர் தன் நாட்டுக்காகப் போகிறவர். அவரது பிளேசரில் நாட்டுக் கொடி இருப்பது நியாயம்தான். மற்றவர் நடுவர், மத்தியஸ்தர், நேரம் எடுப்பவர், பாய்ச்சல் அளப்பவர். இவர் எந்தப் பக்கத்துக்கும் உரியவரல்லர். எங்கள் கேள்வி இந்த இரண்டாமவரின் தோளைப் பற்றியது.

சர்வதேசத் தரம் என்று சொன்னபடியால் அங்கிருந்தே தொடங்குவோம். உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் விசில் ஊதுபவரின் நெஞ்சில் இருப்பது ஃபிஃபாவின் சின்னமும் அந்த வருடமும். ஐசிசியின் உயர்மட்டக் குழாம் நடுவர் சேட்டில் ஐசிசியின் சின்னம். ஒலிம்பிக் மெய்வல்லுநர் மைதானத்தில் நிற்பவர்களுக்குப் போட்டி அமைப்பாளர்கள் கொடுக்கும் ஒரேமாதிரிச் சீருடை. அவர் எந்த நாட்டவர் என்பது ஒளிவுமறைவல்ல. தொலைக்காட்சித் திரையில் பெயருக்குப் பக்கத்தில் நாடும் போடுவார்கள். அந்த நாட்டை உடம்பில் அணிந்துகொண்டு அவர் தீர்ப்புச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த வழக்கம் சும்மா வந்ததல்ல. பல சண்டைகளுக்குப் பிறகு வந்தது.

1908 இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. அப்போது மெய்வல்லுநர் நடுவர்கள் எல்லாருமே போட்டியை நடத்திய பிரித்தானியர்கள். யூலை 23 ஆம் திகதி 400 மீற்றர் இறுதி ஓட்டம். மூன்று அமெரிக்கர்கள், ஒரு பிரித்தானியர். கடைசி வளைவு தாண்டியதும், அமெரிக்க வீரர் கார்பென்டர் பிரித்தானியரான ஹால்ஸ்வெலை மறித்து ஓடினார் என்று நடுவர்கள் கத்தினார்கள். ஓட்டம் செல்லாது என்றார்கள். கார்பென்டர் நீக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து, பாதையில் கோடு போட்டு மீண்டும் ஓடச் சொன்னபோது மற்ற இரண்டு அமெரிக்கர்களும் வர மறுத்தார்கள். ஹால்ஸ்வெல் தனியே ஓடித் தங்கப் பதக்கம் எடுத்தார்.

நடுவர்கள் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாட்டவர்களே நடுவர்களாக நின்று, அந்த நாட்டு வீரருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் தோற்றவன் நம்பமாட்டான். நான்கு வருடம் கழித்து, 1912 இல், சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் உருவானது. எல்லா நாட்டுக்கும் பொதுவான விதிகள் என்ற எண்ணம் வலுப்பட இப்படியான சண்டைகளும் ஒரு காரணம்.

அடுத்தது 1966 உலகக் கிண்ண இறுதி. இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும். மேலதிக நேரத்தில் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா, இல்லையா? மத்தியஸ்தர் சுவிற்சர்லாந்துக்காரர். அவர் லைன்ஸ்மனிடம் ஓடிப் போனார். லைன்ஸ்மன் கோல் என்றார். ஆட்டம் 4-2 இல் முடிந்தது. அந்த மனிதரை இங்கிலாந்துப் பத்திரிகைகள் இன்றுவரை "ரஷ்ய லைன்ஸ்மன்" என்றே எழுதுகின்றன. ஆனால் தொஃபிக் பஹ்ராமொவ் ரஷ்யரல்லர். அஸர்பைஜான்காரர். அப்போது அவரது நாடு சோவியத் கொடிக்குள் இருந்தது. சோவியத் உடைந்த பிறகு, 1993 இல், பாக்கு நகரிலுள்ள தேசிய விளையாட்டரங்குக்கு அவரது பெயரை வைத்தார்கள்.

இதை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வராது. ஒரு மனிதருக்கு மேலே ஒரு கொடியைப் போட்டுவிட்டால், உலகம் கொடியைத்தான் பார்க்கிறது. ஆளைப் பார்ப்பதில்லை. சிறிய சமூகங்களில் பிறந்த எங்களுக்கு இது புதிதும் அல்ல.

கிரிக்கெட்டுக்கு வருவோம். இதில்தான் எங்களுக்குப் பழக்கம் கூட.

நீண்ட காலமாக டெஸ்ட் போட்டிகளில் நடுவர்கள் போட்டி நடக்கும் நாட்டுக்காரர்களே. வருகிற அணி எல்லாம் முறைப்பாட்டோடு திரும்பும். 1986 நவம்பரில் பாகிஸ்தான் அணித்தலைவர் இம்ரான் கான் ஒரு காரியம் செய்வித்தார். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான லாகூர் டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து இரண்டு நடுவர்கள் அழைக்கப்பட்டார்கள். ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். யோசித்துப் பாருங்கள். பாகிஸ்தான் விளையாடுகிறது, லாகூரில், நடுவர்கள் இருவரும் இந்தியர்கள். இனி வெற்றி பெற்றால் நடுவரால் வென்றோம் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதே இம்ரானின் எண்ணம்.

அடுத்த வருடமே அது ஏன் தேவை என்பது விளங்கியது. 1987 டிசம்பர், ஃபைசலாபாத். இங்கிலாந்து அணித்தலைவர் கட்டிங்கும் பாகிஸ்தான் நடுவர் ஷகூர் ரானாவும் மைதான நடுவில் விரல் நீட்டிச் சண்டை பிடித்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நாள் ஆட்டமே நடக்கவில்லை. கட்டிங் கையால் எழுதி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. அந்தச் சண்டையில் மற்றவர்கள் அதிகம் கவனிக்காத விசயம் ஒன்று உண்டு. ஷகூர் ரானா அந்தப் போட்டியில் பாகிஸ்தான் அணியின் சுவெற்றரை அணிந்து நின்றார். அவர் குளிருக்குப் போட்டிருக்கலாம். ஆனால் எதிரணியின் கண்ணுக்கு அது வேறு. பன்னிரண்டாவது பாகிஸ்தான் வீரன் நிற்கிறான் என்றுதான் தோன்றும். அதன் பிறகு அவர் சொல்லும் சரியான தீர்ப்பும் பிழையாகத்தான் தெரியும்.

1994 இலிருந்து ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு நடுவர் வெளிநாட்டவர் என்றானது. 2002 இல் இருவருமே பொதுநாட்டவர் என்றானது. 2019 உலகக் கிண்ண இறுதியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதியபோது நின்றவர்கள் எங்கள் குமார் தர்மசேனவும் தென்னாபிரிக்காவின் எராஸ்மஸும். கடைசி ஓவரில் ஐந்து ஓட்டம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஆறு கொடுத்துவிட்டார்கள். பிழைதான். தர்மசேனவும் பிறகு ஏற்றுக்கொண்டார். உலகமே அதைப் பேசியது. ஆனால் "இலங்கைக்காரன் இங்கிலாந்துக்கு விற்றுவிட்டான்" என்பது பேச்சாகவில்லை. பிழை ஒரு மனிதனின் பிழையாகவே நின்றது. பொது நடுவர் என்ற ஏற்பாட்டின் பெரிய வெற்றி இதுதான். நடுவர் பிழை விடாதவர் என்று அது சொல்லவில்லை. பிழை விட்டாலும் ஊர்ச் சண்டை ஆகாது என்று சொல்கிறது.

இனி எங்கள் நாட்டுக்கு.

இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981 யூலை 21. யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏழு கிழமை. நூலகத்தை எரித்தார்கள் என்ற குற்றச்சாட்டு, ஊரைக் காக்க வேண்டிய சீருடைக்காரர்கள் மீது இன்றும் நிற்கிறது. அடுத்த பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக, கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் நடந்தது. தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. அன்று நடுவர்களாக நின்ற இருவரில் ஒருவர் ஃபெல்சிங்கர். மற்றவர் கே. ரி. பிரான்சிஸ். முழுப்பெயர் கந்தையா திருஞானசம்பந்தபிள்ளை பிரான்சிஸ். அந்தப் பெயரை விளக்க வேண்டிய அவசியம் இந்த ஊரில் இல்லை. அவர் 25 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். அவர் முடிவு சொன்னபோது அது ஒரு நடுவரின் முடிவு. அவ்வளவுதான். அவரது மரியாதைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

முதல் டெஸ்ட் நடந்து பதினேழு மாதத்தில் 1983 யூலை வந்தது. அதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை.

1995 ஐ மட்டும் சொல்கிறேன். ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மருதனார்மடம், உடுவில், இணுவில், சுன்னாகம் எல்லாம் அதற்குள் அடக்கம். இதை வாசிக்கிற பலர் அந்த மழையில் செம்மணி வீதியில் நின்றவர்கள். டிசம்பர் 5 ஆம் திகதி, ஆட்கள் இல்லாத யாழ்ப்பாணத்தில், பாதுகாப்புப் பிரதியமைச்சர் தேசியக் கொடியை ஏற்றினார். அதிலிருந்து மூன்று கிழமையில், டிசம்பர் 26 ஆம் திகதி, மெல்பேர்ணில், அதே சிங்கத்தைத் தொப்பியில் சுமந்துகொண்டு கண்டியைச் சேர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன் பந்து வீசினான். அவுஸ்திரேலிய நடுவர் டறல் ஹெயார் மூன்று ஓவரில் ஏழு தடவை "நோபோல்" என்றார். முரளி பக்கம் மாறி, நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டனின் பக்கத்திலிருந்து வீசினார். அவர் ஒரு தடவையும் நோபோல் சொல்லவில்லை. 1999 இல் அடிலெய்டில் றொஸ் எமர்சன் மீண்டும் அதையே செய்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் ஆட்டத்தையே நிறுத்தினார்.

ஒரே கொடி. யாழ்ப்பாணத்தில் ஏறியபோது அது வென்றவரின் கொடி. மெல்பேர்ணில் முரளியின் தொப்பியில் இருந்தபோது அது அநீதி செய்யப்பட்டவனின் கொடி. இடையில் இருந்தது மூன்றே கிழமை. இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருக்கிற சனம் நாங்கள். மெல்பேர்ணில் யார் சரி என்று கடைசியில் தீர்த்ததும் கொடி இல்லை. கமராவும் ஆய்வுகூடமும்தான். முழங்கை 15 பாகை வரை நீளலாம் என்று எல்லாருக்கும் ஒரே அளவு வந்தது. முரளி 800 விக்கெட்டோடு ஓய்வு பெற்றார்.

இந்தக் கொடியின் பிறப்பையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1948 ஜனவரி 16 ஆம் திகதி, வாளேந்திய சிங்கக்கொடியைச் சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. ஒரு முஸ்லிம். அது கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடி. அந்த அரசன் நாயக்கர் வம்சம். இயற்பெயர் கண்ணுசாமி. வேலூரில் சிறை இருந்து இறந்தவன். பிறகு பண்டாரநாயக்க தலைமையில் குழு அமைத்து, சிறுபான்மையினருக்காகப் பச்சை, செம்மஞ்சள் என்று இரண்டு பட்டிகளைச் சேர்த்தார்கள். குழுவில் ரி. பி. ஜாயாவும் ஜி. ஜி. பொன்னம்பலமும் இருந்தார்கள். செனட்டர் எஸ். நடேசன் உடன்படவில்லை. பட்டிகள் சிங்கத்தின் புலத்துக்கு வெளியே தனியாக நிற்பது ஒற்றுமையைக் காட்டவில்லை என்பது அவர் எண்ணம். 1951 இல் கொடி ஏற்கப்பட்டது. நான்கு அரசிலைகள் 1972 இல் வந்தவை.

அந்தப் பச்சைப் பட்டி நான். அதைப் பற்றி எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. பெப்ரவரி 4 ஆம் திகதி பாடசாலையில் கொடி ஏறும்போது நேராக நிற்கிறேன். அதே நேரம், 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டதும் என் வீட்டுக் கதை. வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் போனோம். நான் புத்தளத்தில் வளர்ந்து, படித்து, திரும்பி வந்த பிள்ளை. அன்று ஒஸ்மானியா மைதானத்தில் எங்கள் ஆட்களைக் கூட்டிவைத்துத் தீர்ப்புச் சொன்னவர்களுக்கும் ஒரு கொடி இருந்தது. எங்களுக்காகப் பேச, பொதுவான ஆள் ஒருவரும் இருக்கவில்லை. 1990 ஒக்ரோபர் 30, 1995 ஒக்ரோபர் 30. ஐந்து வருட இடைவெளியில் ஒரே திகதியில் நாங்களும் நீங்களும் மூட்டை கட்டினோம். இரண்டு தடவையும் இந்த மண்ணில் இல்லாமல் போனது ஒரு நடுவர்.

அதனால்தான் ஒரு சின்ன ரீசேட் விசயத்துக்கு இவ்வளவு எழுதுகிறேன். எங்கள் ஊரில் சீருடையும் கொடியும் ஒன்றாக வந்தபோதெல்லாம் சனம் அதற்குள் ஒரு தரப்பைத்தான் பார்த்துப் பழகியிருக்கிறது. எந்தக் கொடி என்பது காலத்துக்குக் காலம் மாறியது. பழக்கம் மாறவில்லை. பிள்ளைகள் அந்தப் பழக்கம் இல்லாமல் வளர வேண்டும் என்றால், பொதுவான ஆள் எப்படி இருப்பார் என்பதை எங்கேயாவது கண்ணால் பார்க்க வேண்டும். அவர்கள் முதன்முதலாகப் பார்க்கும் நீதிமன்றம் பாடசாலை மைதானம்தான்.

எதிர்ப்பக்க வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பாடசாலைப் போட்டி நடுவர்களின் சட்டையில் சிறிய தேசியக் கொடி இருப்பதைக் காணலாம். அங்கே இரண்டு அணியும் ஒரே நாடு, ஆகவே கொடி யாருக்கும் பக்கச்சார்பில்லை என்பார்கள். எங்கள் வலயப் போட்டியிலும் எல்லாப் பிள்ளைகளும் இலங்கைப் பிள்ளைகள்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. என் பதில் இது: கம்பத்தில் பறக்கும் கொடி மைதானத்தில் இருக்கும் எல்லாருக்கும் பொதுவானது. அதற்குக் கீழே எல்லாரும் சமம். அதையே ஒருவரின் தோளில் தைத்துவிட்டால் அது அவருடையதாகிவிடும். அவரோடு முரண்படுகிற பிள்ளை கொடியோடு முரண்படுகிறதாகத் தோன்றும். தாண்டிய நீளம் பிழையாக அளந்துவிட்டார்கள் என்று முறையிட வருகிற பதினாலு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாரத்தைக் கொடுக்க வேண்டாம். கொடிக்கும் அது மரியாதை இல்லை.

ஒரு பாடம் பனிச்சறுக்கு நடனத்திலிருந்து. 2002 ஒலிம்பிக்கில் பிரான்ஸ் நடுவர் ஒருவர் அழுத்தத்துக்கு உட்பட்டுப் புள்ளி போட்டார் என்று பெரிய பிரச்சினை வந்தது. அதன் பிறகு யார் எத்தனை புள்ளி கொடுத்தார் என்பதையே மறைத்துவிட்டார்கள். அழுத்தம் குறையும் என்று நினைத்தார்கள். நம்பிக்கைதான் குறைந்தது. 2016 இல் அந்த மறைப்பை நீக்கினார்கள். ஆகவே நடுவருக்கு நாடு தேவையில்லை, ஆனால் பெயர் தேவை. யார் தீர்ப்புச் சொன்னார் என்பது தெரிய வேண்டும்.

எனவே என் யோசனை இவ்வளவுதான். தேசியக் கொடியை முறைப்படி, சரியான உயரத்தில், கிழியாமல், தலைகீழாக இல்லாமல் ஏற்றுவோம். நடுவர்களுக்கு ஒரே நிறத்தில் வெற்றுச் சேட். நெஞ்சில் பெரிய எழுத்தில் அவரவர் பெயரும் "நடுவர்" என்ற சொல்லும். அந்தப் பெயர் தமிழாக, சிங்களமாக, முஸ்லிமாக இருக்கட்டும், பிள்ளைகள் வாசிக்கட்டும். இல்லப் பொறுப்பாசிரியர் தன் இல்லம் ஓடும் ஓட்டத்துக்கு முடிவுக்கோட்டில் நிற்க வேண்டாம். கொடியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாங்கள் இதை அனேகமாகப் பார்ப்பதேயில்லை. முறைப்பாடு சொல்ல வரும் பிள்ளையை விரட்டாமல் கேட்க ஒரு மேசையும் கதிரையும் போடுவோம்.

நடுவருக்குக் கொடியே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நீளம் பாய்தலில் நிற்பவரிடம் இரண்டு கொடி இருக்கும். சரியென்றால் வெள்ளை, பிழையென்றால் சிவப்பு. மருதனார்மடத்தில் இருந்து வந்தாலும் சோனகதெருவில் இருந்து வந்தாலும் பிள்ளை மணலில் இருந்து எழும்பித் திரும்பிப் பார்ப்பது அந்தக் கையைத்தான்.

உங்கள் கருத்தை எழுதுங்கள். மாற்றுக்கருத்து என்றால் கட்டாயம் எழுதுங்கள். ஆளைத் திட்டாமல் எழுதினால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன்.